பின்சீட்டுச் சமாதி

“எல்லாருக்கும் வருது சாமி. எனக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது?”

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், காரின் முன்கண்ணாடியில் படிந்திருந்த உப்பைத் துடைத்துக்கொண்டே பூதலிங்கம் இப்படிக் கேட்டார்.

வெயிலுகந்த சாமி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

“எது அண்ணாச்சி?”

“சமாதி.”



“எனக்கும் வந்ததில்ல” என்றார் சாமி. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

பெரியவர்கள் தன்னடக்கத்தில் இப்படித்தான் பேசுவார்கள் என்று பூதலிங்கம் நினைத்துக்கொண்டார்.

*

சங்குமடை, உப்பளங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். அங்கே காற்றுக்குப் பல் உண்டு. காலையில் வாங்கிவந்த புது ஆணி சாயங்காலம் தாத்தா ஆகிவிடும். பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முள்ளையும் உப்பு தின்றுவிட்டு டிக் டிக் சத்தத்தை மட்டும் மிச்சம் வைத்ததாம். பிள்ளைகள் சத்தத்தை எண்ணித்தான் வீட்டுக்குப் போனார்களாம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

அந்த ஊர்க் கோடியில் நாலு ஓலைக் கொட்டகை. அதுதான் மடம். மடத்துக்கு ஒரு கறுப்புக் கார்.

அந்தக் கார் முதலில் ஓர் உப்பள முதலாளியிடம் இருந்தது. தான் பேசுவது டிரைவர் காதில் விழக்கூடாது என்று, முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே இழுத்து மூடுகிற கனமான கண்ணாடி போட்டு வைத்திருந்தார் அவர். அவர் போன பிறகு மகன் காரை மடத்துக்குத் தானமாகக் கொடுத்தான். பழைய இரும்பு வியாபாரி வேண்டாம் என்று சொன்ன மறுநாள் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை தோறும் மனசு சரியில்லை என்று யாராவது வருவார்கள். அவர்களைப் பின்சீட்டில் உட்காரவைத்து, உப்பளப் பாதையில் பதினோரு மைல் ஓட்டிச் சிப்பித்துறைக் கடலுக்குக் கூட்டிப்போவது மடத்து வழக்கம். பாதை முழுக்க உப்புப் புழுதி. அதனால் பின்பக்கக் கண்ணாடிகளை இறுக்கி ஏற்றிவிடுவார்கள்.

சாமி முன்சீட்டில் உட்காருவார். வெற்றிலை துப்ப அவருக்கு ஜன்னல் வேண்டும். பூதலிங்கத்தின் பக்கத்து ஜன்னல் கண்ணாடியோ, கதவுக்குள் விழுந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

ஏழாவது மைலில் பின்னால் பேச்சு நிற்கும். முகம் செம்பருத்தி மாதிரி சிவக்கும். வாய் லேசாகத் திறக்கும். கடற்கரையில் இறக்கி முகத்தில் தண்ணீர் தெளித்தால், கண் விழித்துக் கடலைப் பார்த்து அழுவார்கள். ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரர் “அம்மா” என்று அழுதார். ஒரு தலைமையாசிரியருக்குத் தன் பெயரும் இனிஷியலும் சேர்ந்து மறந்துபோயின. ‘நான்’ போய்விட்டது என்று எல்லாரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பிறகு இரண்டு நாள் தலைவலி இருக்கும். கர்மம் கழலுகிற வலி என்று மடத்தில் அதற்கு ஒரு விளக்கம் இருந்தது. யார் சொன்னது என்று தெரியாது. சாமி சொல்லவில்லை.

*

பூதலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயசு. சாமியைவிட ஏழு வயசு மூத்தவர். முன்பு லாரி ஓட்டினார். மனைவி இறந்த பதினாறாம் நாள், ஓடிக்கொண்டிருந்த லாரியை மடத்து வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்துவிட்டார். லாரிக்காரர் வந்து லாரியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

ஒன்பது வருஷம். எத்தனை பேரைக் கடலுக்குக் கொண்டுபோயிருக்கிறார். பின்கதவைத் திறந்துவிடுகிறபோதெல்லாம் அந்தச் சிவந்த முகங்களைப் பார்ப்பார். தனக்கும் ஒருநாள் வரும் என்று திரும்ப ஓட்டிக்கொண்டு வருவார்.

அன்றைக்கு அவர் விடவில்லை. ஒரே ஒரு தடவை பின்சீட்டில் உட்காரவேண்டும் என்றார்.

யார் ஓட்டுவது என்று சாமி கேட்டார். சாமிக்கு மாட்டு வண்டிகூட ஓட்டத் தெரியாது.



“வர்ற வெள்ளிக்கிழமை விளாத்திகுளத்துல இருந்து ஒரு அம்மா வருதாங்க” என்றார் சாமி. “பதினாலு மாசமாத் தூக்கம் இல்லையாம். நம்ம வண்டி போடுத சத்தத்துல அவங்க காது போயிரும். மொதல்ல அதைச் சரிபண்ணிட்டு வாங்க. மத்ததைப் பொறவு பேசுவோம்.”

*

மெயின் ரோட்டு விலக்கில் ஜெபக்கனியின் பட்டறை இருந்தது. சைலன்சர் வேலைக்கு அந்தப் பக்கம் அவளை விட்டால் ஆள் கிடையாது. முப்பத்தெட்டு வயசு. எதையும் முதலில் காதால் பார்த்துவிட்டுப் பிறகுதான் கண்ணால் பார்ப்பாள்.

என்ஜினை ஓடவிடச் சொன்னாள். ஒரு கோணிச் சாக்கைத் தண்ணீரில் நனைத்து, பின்னால் புகை வருகிற வாயில் வைத்து அமுக்கினாள்.

காருக்கு அடியில் புஸ் என்று ஒரு சத்தம் கேட்டது. பாம்புச் சத்தம்.

அவள் குனிந்து சோப்புத் தண்ணீரை ஊற்றினாள். பின்சீட்டுக்கு நேர் கீழே, குழாயும் குழாயும் சேர்கிற மூட்டில், நுரை கொப்பளித்தது. எழுந்து பின்கதவைத் திறந்து, கால்மிதியைத் தூக்கிப் பார்த்தாள். தரைத் தகட்டில் துரு தின்ற ஓட்டை. ஓர் எலுமிச்சம்பழம் தாராளமாகப் போகும்.

“பின்னால உக்காருதவங்க தூங்கிருவாங்களா அண்ணாச்சி?”

“தூக்கம்னு சொல்லாத தாயி. சமாதி.”

ஜெபக்கனி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

பூதலிங்கம் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னார். ஏழாவது மைல். செம்பருத்தி முகம். தலைமையாசிரியரின் இனிஷியல். சொல்லச் சொல்ல அவருக்கே குரல் இறங்கிக்கொண்டு வந்தது. எதிரே நின்றவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

சொந்தக்காரர் வீட்டில் ஜெனரேட்டரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் படுத்த கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். காலையில் போய்ப் பார்த்தபோது மூன்று பேர் முகமும் சிவந்து, நல்ல கனவு காண்கிற மாதிரி இருந்ததாம்.

“இத்தனை வருசத்துல உங்க வண்டியில யாரும் சாகலன்னா அதுதான் அதிசயம்” என்றாள். “அதுக்கு வேணும்னா உங்க சாமியைக் கும்பிடலாம்.”

*

திரும்பி வருகிற வழியில் பூதலிங்கம் இரண்டு இடத்தில் காரை நிறுத்தினார். காரணம் ஒன்றும் இல்லை. வானத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார்.

சொல்லாமலே இருந்துவிடலாமா என்று ஒரு மனசு கேட்டது. வெள்ளிக்கிழமை அந்த அம்மாவின் முகம் சிவந்தே போய்விட்டால் என்று இன்னொரு மனசு கேட்டது. இரண்டுக்கும் கீழே மூன்றாவது ஒன்று கிடந்தது. அதுதான் பெரியது. சாமியிடம் கொடுக்க ஒன்றும் இருந்ததில்லை என்றால், ஒன்பது வருஷமாக வண்டியை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறோம்?

மடத்துக்கு வந்து சொன்னார். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

சாமி முழுதும் கேட்டார். எழுந்து போய் வெற்றிலையைத் துப்பினார். வாய் கொப்பளித்தார். வந்து பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு பக்கத்துக் கண்ணாடியையும் ஏற்றினார்.

“ஓட்டுங்க.”

“வேண்டாம் சாமி.”

“வந்தவங்க அத்தனை பேரையும் ஏத்தி விட்டேனே அண்ணாச்சி. ஓட்டுங்க.”

பூதலிங்கம் ஓட்டினார். பாதையைப் பார்த்ததைவிட, பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்ததுதான் அதிகம்.

மூன்றாவது மைலில் சாமி ஜன்னல் வழியாக உப்புக் குவியல்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்தாவது மைலில் சிரித்தார். ஆறாவது மைலில் அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பூதலிங்கம் பிரேக்கில் ஏறி நின்றார்.

கதவைத் திறந்து, அக்குளில் கை கொடுத்து இழுத்துவந்து, வழியோரத்து உப்புக் குவியலில் சாய்த்து உட்காரவைத்தார். சாமியின் முகம் செம்பருத்தி.

“யாரு?” என்றார் சாமி, அரைக் கண்ணைத் திறந்து.

“பூதலிங்கம்.”

“அது சரி. நான் யாரு?”

போன வாரம் சாமி இப்படிக் கேட்டிருந்தால் பூதலிங்கம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்திருப்பார். இப்போது வண்டியிலிருந்த தண்ணீர்க் கேனைத் திறந்து முகத்தில் தண்ணீரை அறைந்தார்.

சாமி வாந்தி எடுத்தார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். உப்பளத்துக் கொக்கு ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

“நல்லாத்தான் இருக்கு” என்றார்.

பூதலிங்கம் கேனை மூடினார்.

“நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. அதுதான் பயமா இருக்கு.”

*

புதன்கிழமை இருவரும் பட்டறைக்குப் போனார்கள்.

சாமி தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, பூதலிங்கம் ஜெபக்கனியைத் தனியே கூப்பிட்டார். ராத்திரி முழுக்க அவர் ஒரு யோசனை பண்ணி வைத்திருந்தார். ஓட்டையை முழுசாக அடைக்க வேண்டாம். ஒரு கால்வாசியை விட்டுவைத்தால் ஆளுக்கும் ஆபத்து இல்லை, சாமி பேருக்கும் ஆபத்து இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு அம்மா தூக்கத்தைத் தேடி வருகிறாள், அவளையும் வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம்.

ஜெபக்கனி அவர் சொன்னதைக் கடைசிவரை கேட்டாள். பிறகு பட்டறைக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

“சாமி, உங்க டிரைவர் கால்வாசி ஓட்டையை விட்டுவைக்கச் சொல்லுதாரு. உங்களுக்கு எப்படி?”

சாமி செம்பைக் கீழே வைத்தார்.

“கால்வாசி வச்சா எப்படி இருக்கும்?”

“கால்வாசிச் சாவு எப்படி இருக்கும்னு நீங்க சொல்லுங்க. அதுக்குத் தக்கன விடுதேன்.”

சாமி காவி வேட்டியை மடித்துக் கட்டினார். தரையில் மல்லாந்து படுத்தார். காருக்கு அடியில் ஊர்ந்து போனார்.

யோசனை போன கோபத்தில் பூதலிங்கம் காதில் புகை வந்தது.

*

மூட்டில் மூன்று போல்ட். ஒன்பது வருஷ உப்பு. போல்ட் எது, நட் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றும் கட்டிப் பெருங்காயம் மாதிரி இருந்தன.

ஜெபக்கனி கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். துரு உதிர்ந்து சாமியின் தாடியில் விழுந்தது. எண்ணெயை விட்டாள். சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றையும் தட்டினாள், கதவு தட்டுகிற மாதிரி. பிறகு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

என்ன, வேலையை விட்டுவிட்டாய் என்று பூதலிங்கம் கேட்டார்.

எண்ணெய் வேலை பார்க்கிறது, நாம் குறுக்கே போகக்கூடாது என்றாள்.

பூதலிங்கம் நடந்தார். சூரியனைப் பார்த்தார். புதன் மத்தியானம் ஆகிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து அவள் ஸ்பேனரைச் சாமியின் கையில் கொடுத்தாள்.

“இறுக்குங்க.”

“கழட்டத்தானே வந்தோம்?”

“இறுக்குங்க சாமி.”

சாமி இறுக்கினார். ஒரு நூல் அளவு அசைந்தது. ‘கிறுக்’ என்றது.

“இப்ப லூஸ் விடுங்க.”

இரண்டு நூல் வந்தது.

“மறுபடி இறுக்குங்க.”

வந்ததில் பாதியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுகிறாள் என்று பூதலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. உள்ளே சாமி இறுக்கினார், விட்டார், இறுக்கினார், விட்டார். நடுநடுவே எண்ணெய். நாலு மணிக்கு முதல் போல்ட் கழன்று சாமியின் நெஞ்சில் விழுந்தது.

சாமியும் ஜெபக்கனியும் டீ குடிக்கப் போனார்கள்.

பூதலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. பட்டறையில் ஒரு நீளமான இரும்புக் குழாய் கிடந்தது. இரண்டாவது போல்ட்டில் ஸ்பேனரை வைத்து, அதன் காம்பில் குழாயை மாட்டினார். லாரி டயர் நட்டுக்கு அவர் அப்படித்தான் செய்வார். குழாயின் நுனியைப் பிடித்துக் காலைச் சக்கரத்தில் உதைத்து, ஒரே தம்.

‘கடக்.’

வெண்ணெய் மாதிரி வந்துவிட்டதே என்று அவருக்கே ஆச்சரியம். கையை விட்டுத் துழாவி எடுத்துப் பார்த்தார். பாதி போல்ட் கையில் இருந்தது. மீதிப் பாதி மூட்டுக்குள் இருந்தது.

ஜெபக்கனி வந்து பார்த்தாள்.

“லாரி ஓட்டினவரு இல்லையா” என்றாள். வேறு ஒன்றும் சொல்லாமல் டிரில் மிஷினைத் தேடிப் போனாள்.

*

வியாழக்கிழமை முழுக்க அந்தப் பாதி போல்ட்டுக்குப் போயிற்று. நட்டநடுவில் புள்ளி குத்தி, சின்ன ஓட்டை, அதைவிடப் பெரிய ஓட்டை என்று துளைத்துத் துளைத்து எடுக்கவேண்டியிருந்தது. கொஞ்சம் சாய்ந்தால் மூட்டே போய்விடும் என்றாள். சாமி டார்ச் பிடித்தார். கை ஓய்ந்தபோது பூதலிங்கத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் படுக்கச் சொன்னார்.

மூன்று பேரும் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்கள். இரும்புத் தூள் மழை மாதிரி விழுந்துகொண்டிருந்தது. முகம் தெரியாத இடம் என்பதாலோ என்னவோ, பூதலிங்கத்துக்கு உடைந்துவிட்டது.

“நீங்க சாமியே இல்லன்னா நான் எங்க போவேன்?”

டிரில் நின்றது. ஜெபக்கனி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.



“அண்ணாச்சி,” என்றார் சாமி, “அந்த டார்ச்சைக் கொஞ்சம் இடதுபக்கமாக் காட்டுங்க.”

பூதலிங்கம் காட்டினார்.

டிரில் மறுபடி ஓடியது.

மூன்றாவது போல்ட்டைப் பொழுது சாயும்போது எடுத்தார்கள். கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, ஜெபக்கனி ஒரு மெழுகுவத்தியை அதன் கழுத்தில் தொட்டாள். மெழுகு உருகி ஆசையாக உள்ளே இறங்கியது. சூடு கொஞ்சம் ஆறியதும் இறுக்கினாள், விட்டாள். பிறகு ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை. துணியைச் சுற்றி விரலால் திருகி எடுத்துச் சாமியிடம் நீட்டினாள். சாமி அதைப் பழம் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

புது பேக்கிங், புது போல்ட். தரை ஓட்டைக்குத் தகடு வைத்துப் பற்றவைத்தாள். மறுபடி ஈரச் சாக்கை எடுத்துப் புகை வாயில் அமுக்கினாள். பாம்புச் சத்தம் இல்லை. என்ஜின் மூச்சுத் திணறி, இரண்டு தடவை குலுங்கி நின்றது.

“அடைஞ்சிட்டு” என்றாள்.

பூதலிங்கத்தைத் தவிர எல்லாருக்கும் திருப்தி.

*

வெள்ளிக்கிழமை காலையில் மடத்து வாசலில் வைத்துச் சாமி எல்லாவற்றையும் சொன்னார். யாரையும் விடாமல் கூட்டிவைத்துச் சொன்னார். பின்சீட்டில் யாருக்கும் வந்தது சமாதி இல்லை. சைலன்சர் புகை. நேற்றோடு அடைத்தாகிவிட்டது. தெரியாமல் செய்தேன், செய்தது செய்ததுதான். பழைய ஆட்களுக்கெல்லாம் கடிதம் எழுதப் போகிறேன்.

மடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். மூன்று பேர் மத்தியானச் சோற்றுக்கு முன்னாலேயே மூட்டை கட்டினார்கள். இரண்டு பேர் சோறு தின்றுவிட்டுக் கட்டினார்கள். ஒருவர் மட்டும் சண்டைக்கு வந்தார். புகையும் சாமியின் அருள்தான், அருளை அடைக்கச் சாமிக்கே உரிமை கிடையாது என்றார் அவர்.

இதையெல்லாம் ஓர் அம்மா மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்று கேட்டார். பிரம்மசக்தி. விளாத்திகுளத்தில் மாவு மில் வைத்திருக்கிறவர். கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்பு வளையம். பதினாலு மாசம் தூங்காதவர் இவர்தான் என்று பூதலிங்கத்துக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

“அப்ப ஒண்ணும் கெடையாதா?” என்றார்.

“கெடையாதும்மா” என்றார் சாமி.

“மூணு பஸ் மாறி வந்திருக்கேன். கடலையாவது காட்டுங்க.”

*

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்பியதும் அந்த அம்மா ஏதோ பேச ஆரம்பித்தார். உதடு அசைவது கண்ணாடியில் தெரிந்தது. குரல் கேட்கவில்லை.

சாமி திரும்பி, நடுக் கண்ணாடியைத் திறக்கப் பார்த்தார். முதலாளி காலத்தோடு இறுகிப்போன கண்ணாடி. அசையவில்லை. சாமி அதை மூடுகிற பக்கமாகவே கொஞ்சம் தள்ளினார். பிறகு திறக்கிற பக்கம் இழுத்தார். மறுபடி தள்ளினார். இழுத்தார். மூன்றாவது மைலில் ஒரு சாண் திறந்தது.

அந்த அம்மா அப்போது இரண்டாவது பஸ் கண்டக்டரைத் திட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மருமகனைத் திட்டினார். கரண்ட்டு ஆபீஸ்காரனைத் திட்டினார். சாமியின் வாயில் வெற்றிலை இருந்ததால் அவரால் “ம்” மட்டும்தான் சொல்ல முடிந்தது. திட்டு தீர்ந்ததும் மில்லைப் பற்றிப் பேச்சு வந்தது. ராத்திரி சுவிட்சை அணைத்த பிறகும் மில் ஓடுகிற சத்தம் கேட்கிறதாம். எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தால் மோட்டார் குளிர்ந்து கிடக்குமாம்.

“ம்” என்றார் சாமி.

ஏழாவது மைல் வந்தது. பூதலிங்கத்தின் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. ஆனால் பின்னால் பேச்சு நிற்கவில்லை. குரல்தான் தணிந்தது.

தங்கச்சிக்கும் அவருக்கும் ஒரு சுவர்ச் சண்டை. ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. போன வருஷம் ஆடி மாசம் தங்கச்சி ஒரு படி அரிசியை ஊறவைத்து உலர்த்தி, மகளிடம் மில்லுக்குக் கொடுத்துவிட்டாள். கொழுக்கட்டைக்கு.

“அரைக்காமத் திருப்பி அனுப்பிட்டேன்” என்றார் பிரம்மசக்தி. “மூணாம் நாள் அவ போயிட்டா. நான் அழக்கூடப் போகல.”

சாமி “ம்” சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

அந்த அம்மா அரிசியைப் பற்றியே பேசினார். அது என்ன அரிசி, எவ்வளவு வெள்ளையாக இருந்தது, துணியில் எப்படி முடிந்திருந்தாள், முடிச்சு யார் போடுகிற முடிச்சு. திரும்பத் திரும்ப அதையே. சொன்ன இடத்துக்கே போய், கொஞ்சம் கூடுதலாகச் சொல்லி, மறுபடி பின்னால் போய். சிப்பித்துறை வந்ததும் காரை நிறுத்தினார்கள். யாரும் இறங்கவில்லை. அங்கேதான் அவர் அழுதார். கடலை யாரும் பார்க்கவில்லை.

நெடுநேரம் கழித்து இறங்கிப் போய், கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று முகம் கழுவினார். வந்து ஏறிக்கொண்டு, அஞ்சு மணிப் பஸ்ஸைப் பிடிக்கணும் என்றார்.

*

திரும்பி வருகிறபோது பூதலிங்கம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். ஒரு அம்மா மூன்று பஸ் மாறி வந்தார், அழுதார், போகப்போகிறார். சாமி ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ‘ம்’ சொல்ல டிரைவரே போதுமே என்று அவருக்குத் தோன்றியது. இன்று சாயங்காலம் தன் மூட்டையையும் கட்டிவிடலாமா என்றும் தோன்றியது.

பின்னால் சத்தம் இல்லை.

கண்ணாடியைப் பார்த்தார்.

பிரம்மசக்தியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முகம் சிவந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

பூதலிங்கம் பாதை நடுவிலேயே பிரேக் போட்டார். குதித்து இறங்கினார். காருக்கு அடியில் விழுந்து மூட்டைக் கையால் தடவினார், விரலைச் சுட்டுக்கொண்டார். புகை இல்லை. எழுந்து வந்து பின்கதவைப் பிடுங்கித் திறந்தார். சுட்ட விரலை அந்த அம்மாவின் மூக்குக்குக் கீழே வைத்தார்.

குறட்டை வந்தது. மாவு மில் ஓடுகிற மாதிரி, பெரிய குறட்டை.

பூதலிங்கம் அப்படியே நின்றார். சாமியும் இறங்கி வந்து பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார்.

“எழுப்பட்டுமா சாமி? பஸ்ஸு போயிரும்.”

“கதவை மெதுவாச் சாத்துங்க அண்ணாச்சி,” என்றார் சாமி, ரொம்பத் தணிந்த குரலில். “இது அவங்க சொந்தத் தூக்கம்.”